ரிப்பனில் ஒட்டியிருந்த எட்டு

எங்கள் அம்மா வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. முதலில் கருப்பாக இருந்ததாம். பிறகு யாரோ பச்சை அடித்தார்கள். பெரிய மாமாவின் கல்யாணத்துக்கு சில்வர் பெயிண்ட் அடித்தார்கள். வெளிப்பக்கம் தாத்தாவின் பெயரும் பட்டாள எண்ணும் வெள்ளை எழுத்தில் இருந்ததாக அம்மா சொல்வார். பூச்சுக்கு மேல் பூச்சு ஏறியதில் அது மறைந்துவிட்டது. மூடியைத் திறந்து உட்பக்கம் பார்த்தால் அதே எண்ணைச் சின்னதாக இன்னொரு தடவை எழுதியிருப்பது தெரியும்.

உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. ஆறு முனை கொண்ட நட்சத்திர மெடல்கள் மூன்று, வட்ட மெடல் ஒன்று. சட்டைப் பைக்கு மேல் குத்திக்கொள்ளும் துணி ரிப்பன் பட்டை ஒன்று. செல்லரித்துப்போன டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். அதில் பெயரும் இல்லை, அவர் இருந்த படைக் கம்பெனியும் இல்லை. நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸெம்ப்ளரி', அதாவது முன்மாதிரியானது, என்று எழுதியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம்.

மெடல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தாத்தாவின் பெயர் இருக்காது. முதல் உலகப் போரின் மெடல்களில் விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் பொறித்தார்கள். இரண்டாம் போரில் எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. பிரிட்டன் தன் வீரர்களின் நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலே அனுப்பியது. இந்திய வீரர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தவை உண்டு; எங்களிடம் இருப்பவற்றில் அதுவும் இல்லை. பெட்டியும் காகிதமும் போனால் பெயரில்லாத மெடல் யாருடையது என்று சொல்ல ஆளில்லை. பழைய சாமான் கடைகளில் இன்று கிலோக் கணக்கில் கிடக்கும் மெடல்கள் இப்படித்தான் அனாதையாயின.

ஆனால் ரிப்பன் பேசும். எங்கள் பட்டையில் நான்கு துண்டுகள். ஒன்றில் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என ஐந்து கோடுகள். அது இத்தாலி நட்சத்திரம். இன்னொன்று மணல் நிறம், நடுவில் சிவப்பு. அது ஆப்பிரிக்க நட்சத்திரம். அந்த மணல் நிறத்தின் மேல் ஒரு சின்ன உலோக எட்டு. எங்கள் வீட்டில் எல்லாரும் அதைப் பழைய கொக்கி என்றே நினைத்திருந்தோம். அது கொக்கி இல்லை. 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் எட்டாவது ஆர்மியில் இருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் எண் அது. அதாவது எகிப்தின் எல் அலமெய்ன் போர் தொடங்கி துனிசியாவில் ஜெர்மானியர் சரணடைந்தது வரையிலான ஏழு மாதங்கள்.

அந்த மாதங்களில் எட்டாவது ஆர்மியோடு போரிட்ட இந்திய டிவிஷன் நான்காவது. எட்டாவது, பத்தாவது இந்திய டிவிஷன்களும் பிற்பாடு இத்தாலி போனவைதான், ஆனால் அந்த மாதங்களில் அவை வட ஆப்பிரிக்கப் போர்முனையில் இல்லை. நான்காவது டிவிஷனின் பொறியியல் கம்பெனிகள் நான்கு. பட்டாளத்தின் இந்தப் பொறியியல் ஆட்களைத்தான் சாப்பர்கள் என்பார்கள். ஒன்று வங்காள சாப்பர்கள், ஒன்று பம்பாய் சாப்பர்கள், மற்ற இரண்டும் மதராஸ் சாப்பர்கள்: 12-ஆவது ஃபீல்ட் கம்பெனி, 11-ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனி. தாத்தா மதராஸ் சாப்பர் என்பது மட்டும் எங்கள் வீட்டுக்கு எப்போதும் தெரியும். 'பெங்களூர் பட்டாளம்' என்பார் ஆயா. ஆக, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எண்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்த ஒரு எட்டு இவ்வளவையும் சொல்லிவிட்டது. தாத்தா சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை, நாங்கள் ஏன் கேட்கவில்லை என்பதுதான் பல வருஷமாக என்னை அரிக்கும் கேள்வி. போரின் கதை எங்களுக்கு வந்து சேரவில்லை. ஒரு பட்டப்பெயர் வந்தது, ஒரு நடை வந்தது, சில விளங்காத சொற்கள் வந்தன, மாமாவுக்கு வேலைக்கான வழி வந்தது. கதை மட்டும் வராமல் போனதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல.

மதராசியை வேண்டாம் என்ற காலமும் வா என்று கூப்பிட்ட காலமும்

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவைப் பிடித்ததே பெருமளவு மதராஸ் சிப்பாய்களை வைத்துத்தான். மதராஸ் சாப்பர்களின் தொடக்கம் 1780. ஆனால் 1857-க்குப் பிறகு ஆட்சியாளர்களின் எண்ணம் மாறியது. போர்க்குடிகள் என்று சிலரையும் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று சிலரையும் பிரித்தார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியானவர், இந்தக் கொள்கையின் பெரிய ஆதரவாளர். நெடுநாள் அமைதி தெற்கத்தி ஆட்களை மென்மையாக்கிவிட்டது என்பது அவர் எண்ணம். மதராஸ் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1920-கள் முடிவதற்குள் நிரந்தர மதராஸ் காலாட்படை என்று ஒன்று இல்லாமலே போனது. பாலம் கட்டவும் சாலை போடவும் கண்ணிவெடி எடுக்கவும் ஆள் வேண்டும் என்பதால் சாப்பர்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இந்த சாப்பர்களில் கணிசமானவர்கள் பறையர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் பக்கத்துச் சேரிகளில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. எங்கள் குடும்பமும் அப்படிப்பட்ட ஒரு சேரிக் குடும்பம்தான். சாப்பர்களில் ஒரே சமையல், ஒரே பந்தி. இதை இன்று எழுதும்போது சாதாரணமாகத் தெரியலாம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத பத்தொன்பது வயதுப் பையனுக்கு, வரிசையில் நின்று எல்லாரோடும் ஒரே அண்டாவில் இருந்து சோறு வாங்கியது என்னவாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

1939-இல் இந்திய ராணுவத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1945-இல் 25 லட்சம். கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. உலகிலேயே மிகப் பெரிய தன்னார்வப் படை என்று அதைச் சொல்வார்கள். இவ்வளவு ஆட்களுக்குப் 'போர்க்குடிகள்' மட்டும் எங்கே போதும்? 1941-இல் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி உருவாக்கினார்கள். பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைக் கொடுத்தது மதராஸ் மாகாணம்தான். ஐம்பது வருஷமாக வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள்.

தன்னார்வம் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது; மதராஸ் மாகாணத்துக் கூலிக் குடும்பங்கள் பலவற்றின் வயிறு அந்த அரிசியை நம்பியிருந்தது. விலைவாசி ஏறியது, துணி கிடைக்கவில்லை. பட்டாளத்தில் மாதம் 18 ரூபாய் அளவுக்குச் சம்பளம், சாப்பாடு, துணிமணி, காலுக்குப் பூட்ஸ், வீட்டுக்கு மணியார்டரில் குடும்பப் பணம். தாத்தா அதற்கும் முன்னால், 1940-இல் சேர்ந்தார். காரணம் கேட்டபோது ஆயா சொன்னது நான்கே சொல்: "வீட்ல ஆறு வாய், கண்ணு." பேரரசுக்கு விசுவாசம் என்றோ வெள்ளைக்காரனுக்கு அடிமை என்றோ சொல்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே அந்த ஆறு வாயைக் கணக்கில் எடுக்காத பேச்சு.

நடந்த தடத்துலயே நட

எங்கள் வீட்டில் ஒரு வழக்கச்சொல் உண்டு. யாராவது அவசரப்பட்டால், புதிதாக எதையாவது செய்யக் கிளம்பினால், "நடந்த தடத்துலயே நட" என்பார் அம்மா. நான் காலேஜ் சேர்ந்தபோதும் சொன்னார், வேலையை விட்டபோதும் சொன்னார். அம்மாவுக்கு அது தாத்தாவிடமிருந்து வந்தது. தாத்தா அறுவடை முடிந்த கழனியைக் குறுக்கே கடக்க மாட்டார். எவ்வளவு சுற்றினாலும் வரப்பில்தான் போவார். பிள்ளைகள் வெற்றுக் கழனியில் ஓடினால் அவருக்கு முகம் வெளிறிவிடும். "நடந்த தடத்துலயே நடங்கடா" என்று கத்துவார். கழனியில் பாம்பு இருக்கும் என்று பயப்படுகிறார் என்றே அம்மா நினைத்திருந்தாராம்.

சாப்பர்கள் பாலைவனத்தில் என்ன செய்தார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அலமெய்ன் போர்முனையில் மட்டும் ஜெர்மானியரும் இத்தாலியரும் புதைத்திருந்த கண்ணிவெடிகள் சுமார் 5 லட்சம். டாங்கிகள் முன்னேற வேண்டும் என்றால் அவற்றுக்கு முன்னால் ஆட்கள் நடந்து வழி எடுக்க வேண்டும். கையில் கண்டறியும் கருவி இருந்தால் அதை மண்ணுக்கு மேல் ஆட்டிக்கொண்டே போவார்கள். கருவி இல்லையென்றால், பழுதானால், மண்டியிட்டு பயனெட்டைச் சாய்வாக மண்ணில் குத்திப் பார்ப்பார்கள். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். தட்டியதும் விரலால் மண்ணை விலக்க வேண்டும். சுத்தமான இடத்தின் இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். நாடாவுக்குள் உயிர், வெளியே உத்தரவாதம் இல்லை. பின்னால் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான்: முன்னால் போனவனின் தடத்திலேயே கால் வை.

வரப்பும் வெள்ளை நாடாவும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. இருபது, முப்பது வருஷம் கழித்தும், குடியாத்தம் பக்கத்தில், சொந்த ஊர்க் கழனியில்.

சில வெடிகள் மிதித்ததும் வெடிக்காது. சில நொடி கழித்துத் தரையிலிருந்து துள்ளி எழும்பி, இடுப்பு உயரத்தில் வெடித்து எஃகு உருண்டைகளை நாலாபுறமும் வீசும். அந்தச் சில நொடிகள் மதராஸ் சாப்பர்களின் வரலாற்றில் ஒரு பெயரோடு சேர்ந்திருக்கின்றன. சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர், 11-ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், காசினோவுக்குக் கொஞ்சம் தெற்கே உள்ள மின்யானோ என்ற இடத்தில், அவருடைய குழு கண்ணிவெடி வயலில் வழி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வெடி தூண்டப்பட்டது. அது வெடிக்கச் சில நொடிகள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும், சுற்றிலும் ஆட்கள் நிற்பதும் தெரியும். தாவி அதன் மேல் விழுந்தார். அவர் போனார், மற்றவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு இறப்புக்குப் பின் கொடுக்கப்பட்டது. இந்தியர் ஒருவருக்கு நேரடியாக வழங்கப்பட்ட முதல் ஜார்ஜ் கிராஸ் அது.

தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. தாத்தா அந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றில் இருந்தவர், அதே மாதம் அதே மலையடிவாரத்தில் இருந்தவர். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

திரும்பி வந்தவருக்கு நாட்டில் இடம்

காசினோ போருக்குப் பிறகு நான்காவது டிவிஷன் இத்தாலியில் மேலே மேலே போராடி, 1944 கடைசியில் கிரீஸுக்குப் போனது. தாத்தா ஊர் திரும்பியது 1946-இல். அவர் விட்டுப்போன நாடும் வந்து இறங்கிய நாடும் வேறு வேறு. 1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது விசாரணை தொடங்கியிருந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினரே கிளர்ச்சி செய்தார்கள். ஊரெல்லாம் நேதாஜி படம். இந்த நேரத்தில் ராஜாவின் முடி பொறித்த மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு யார் நடப்பார்?

எங்கள் பக்கத்து ஊரில் இன்னொரு தாத்தா இருந்தார். மலேயாவில் ரப்பர் பால் வெட்டப் போனவர், அங்கே நேதாஜியின் படையில் சேர்ந்தவர். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தார்கள், அவர்களிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மகள்கள் நிறைய. அந்தத் தாத்தாவை ஊரில் தியாகி என்று கூப்பிட்டார்கள். சுதந்திர வெள்ளிவிழாவையொட்டி 1972-இல் மத்திய அரசு தியாகி ஓய்வூதியம் கொண்டுவந்தபோது அவருக்கும் கிடைத்தது. அது முழுக்க நியாயமானது. அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு அவரை ஸ்கூலுக்கு அழைப்பார்கள். எங்கள் தாத்தா கூட்டத்தில் நின்று கைதட்டுவார் என்று அம்மா சொல்வார்.

தாத்தாவுக்கு ஓய்வூதியம் கிடையாது. இது பலருக்குப் புரியாத விஷயம். பட்டாளத்துக்குப் போனவர் என்றாலே பென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறோம். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டும் என்றால் பதினைந்து வருஷ சேவை வேண்டும். போருக்காக எடுத்த லட்சக்கணக்கானவர்களை ஐந்து, ஆறு வருஷத்தில் ஒரு பணிக்கொடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிகப் பெரிய போரில் முன்வரிசையில் நின்றவர்கள் பலர் ஒரு பைசா மாத வருமானம் இல்லாமல் கூலிக்குத் திரும்பினார்கள். பிற்காலத்தில் மாநில அரசுகள் இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. எங்கள் ஆயா கடைசிக் காலத்தில் அதை வாங்கினார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றோடு, பஸ் ஏறிப் போவார். வெற்றிலைப் பையில் அந்த அட்டையை மடித்து வைத்திருப்பார்.

1946-இல் தாத்தா ஊருக்கு வந்த நாளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் பகுதிக்கு வர ஊர்த் தெரு வழியாக வர வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். தாத்தா பூட்ஸோடு நடந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவருடைய அப்பாவுக்குக் கழனி வேலை நின்றது. ஆப்பிரிக்காவும் இத்தாலியும் பார்த்துவிட்டு வந்த மனிதரின் போர்க்கதை எங்கள் குடும்பத்தில் இது ஒன்றுதான். அது நடந்த தூரம் இருநூறு கஜம் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். வட ஆற்காடு முழுக்க இப்படி வீடுகள் உண்டு: மிலிட்டரிக்காரர் வீடு, சுபேதார் வீடு, ஹவில்தார் வீடு. சாதிப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கு வேறொரு பெயர் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ரேஷன் கடையிலும் பஞ்சாயத்திலும் என் அம்மா 'பட்டாளத்தார் மக' என்றே அறியப்பட்டார்.

1962 சீனப் போருக்குப் பிறகு இந்திய ராணுவம் வேகமாகப் பெருகியது. பெரிய மாமா அப்போது பெங்களூரு போய் அதே சாப்பர்களில் சேர்ந்தார். முன்னாள் வீரர்களின் பிள்ளைகளுக்கும் தம்பிகளுக்கும் படைப்பிரிவின் தலைமையகத்திலேயே தனி ஆள்சேர்ப்பு நடக்கும். குடும்பப் பாரம்பரியம் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு ஏற்பாடும் இருக்கிறது. ஒருவர் போனால் அடுத்தவருக்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை மிலிட்டரிபேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். ஊர்கள் அப்படி ஆவது இந்த வழியில்தான்.

மாமா பதினேழு வருஷம் இருந்தார், 1971 போரைப் பார்த்தார், பென்ஷனோடு வந்தார். கேன்டீன் கார்டு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பில் முன்னாள் படைவீரர் வாரிசு ஒதுக்கீடு எல்லாம் கிடைத்தன. அவர் கதையும் சொல்வார், நிறையவே. கேட்கவும் ஆள் இருந்தது, ஏனென்றால் அது நம் நாட்டுப் போர். ஒரே படைப்பிரிவு, அப்பாவும் மகனும். ஒருவரின் போர் வரலாறானது, மற்றவரின் போர் பெட்டிக்குள் போனது. மாமா பிள்ளைகளின் படிப்பு, வீடு, இன்றைய வசதி எல்லாவற்றுக்கும் வேர் 1940-இல் அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் போட்ட கைநாட்டுதான். அவருக்கு அதில் ஒரு ரூபாயும் வரவில்லை.

கைநாட்டு என்றேனே, அது சேர்ந்தபோது. வெளியே வந்தபோது அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஆனால் விசித்திரமான முறையில். இந்திய ராணுவத்தில் சிப்பாய்களுக்கு உருதுவை ஆங்கில எழுத்தில் கற்றுக்கொடுத்தார்கள். பெட்டியில் இருக்கும் நோட்டில் எழுத்து ஆங்கிலம், சொல் உருது, எழுதிய கை தமிழ்க் கை. எங்களால் எழுத்துக்கூட்ட முடிகிறது, பொருள் தெரியவில்லை. உருது தெரிந்த ஒரு நண்பரிடம் காட்டினேன். பாதி சாமான் கணக்கு, கயிறு இத்தனை, ஆணி இத்தனை. ஒரு பக்கத்தில் மட்டும், வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று யாரிடமோ கேட்கச் சொல்லி ஒரு வரி.

இன்னொரு சொல்லும் வந்தது. சாப்பிடும்போது ஆயா இன்னொரு கரண்டி போட வந்தால் தாத்தா தட்டுக்கு மேல் கையை வைத்து "பாஸ்தா" என்பார். அது பட்டாளத்துச் சொல் என்று நினைத்து நாங்களும் சொல்லி வளர்ந்தோம். தின்கிற பாஸ்தா (pasta) இல்லை, இது basta. இத்தாலிய மொழியில் அதற்குப் 'போதும்' என்று பொருள். என் மகள் இப்போதும் தட்டில் கையை வைத்து அதைத்தான் சொல்கிறாள்.

எங்கே தேடுவது

இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

போரில் இறந்தவரைத் தேடுவது, உயிரோடு திரும்பியவரைத் தேடுவதைவிட எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பதிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. எண், படைப்பிரிவு, பல இடங்களில் பெற்றோர் பெயரும் ஊரும் மாவட்டமும்கூட இருக்கும். பர்மாவில் உடல் கிடைக்காமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் யாங்கூன் அருகே டாவ்க்யன் கல்லறையின் தூண்களில் இருக்கின்றன. கொஹிமாவில் தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. தமிழ்ப் பெயர்களை எழுத்துக்கூட்டிய விதம் ஏறுமாறாக இருக்கும். ஒரே பெயரை நாலு விதமாகப் போட்டுத் தேட வேண்டும்.

திரும்பி வந்தவர்களின் சேவை ஆவணங்கள் அந்தந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தில் இருக்க வேண்டும்: சாப்பர்களுக்குப் பெங்களூரு, மதராஸ் ரெஜிமெண்டுக்கு ஊட்டி அருகே வெலிங்டன். ஆனால் இங்கே ஒரு பெரிய முடிச்சு. ஓய்வூதியம் வாங்காதவர்களின் கோப்புகளை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது விதி. 1946-இல் அனுப்பப்பட்டவர் என்றால் 1970-களின் தொடக்கத்திலேயே அவர் கோப்பு போய்விட்டது. பென்ஷன் இல்லாததால் கோப்பும் இல்லை. வறுமையை உண்டாக்கிய அதே விதி நினைவையும் அழித்தது. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நீண்டகாலப் பதிவேடுகளில் ஒரு வரி மிஞ்சியிருக்கலாம், அதைத் தேடித்தரச் சொல்லவும் பட்டாள எண் வேண்டும். அந்த எண் பெரும்பாலும் காகிதத்தில் இருக்காது. பெட்டியிலும் தட்டிலும் தண்ணீர்க் குடுவையிலும் பொறித்திருக்கும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

கம்பெனி எது என்று தெரிந்தால் அதன் போர் நாட்குறிப்பைப் படிக்கலாம். மத்திய கிழக்கிலும் இத்தாலியிலும் இருந்த இந்தியப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதிலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்கள் 'ஐ.ஓ.ஆர்.' என்ற மூன்று எழுத்தில், எண்ணிக்கையாக இருப்பார்கள். அதாவது இந்தியன் அதர் ரேங்க்ஸ். இன்று இரண்டு ஐ.ஓ.ஆர். காயம், ஒருவர் இறப்பு. அவ்வளவுதான்.

வீரர்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, சில வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கை தயாரித்தார்கள். அந்த அறிக்கைகள் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கடிதங்கள் இல்லை. இங்கே கூரை வீடுகளின் எரவாணத்தில் செருகியிருந்தவை கரையானுக்குப் போயின. நம் ஆட்கள் தமிழில் எழுதியவற்றில் சில வரிகளை இன்று ஆங்கிலத்தில்தான் படிக்க முடியும்.

பஞ்சாபில் நடந்த ஒரு விஷயத்தைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். முதல் உலகப் போருக்குப் போன 3,20,000 பஞ்சாபியரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் அவற்றை இணையத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தாத்தாவைக் கண்டுபிடித்தார்கள். நம்மிடம் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது: இவ்வூரிலிருந்து 277 பேர் 1914-18 போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. அதன் அடியில் காய்கறி வாங்கிப் போகிற யாரும் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அந்தக் கல்லிலும் எண்ணிக்கைதான், பெயர் இல்லை. இரண்டாம் போருக்கு அப்படி ஒரு கல்லும் எங்கள் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. நடுவதற்கு ஆட்சியாளர்களுக்கு நேரமில்லை, அடுத்து வந்தவர்களுக்கு அது யாருடைய போர் என்பதில் தயக்கம்.

போன பொங்கலுக்கு அம்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது பெட்டியை வாசலில் எடுத்துப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி கருப்பு அடித்தோம். மாமா பேரன் பள்ளிக்கூடத்துப் பிரஷ்ஷை எடுத்துவந்து, மூடியின் உட்பக்கம் இருந்ததைப் பார்த்துப் பார்த்து வெளியே எண்ணை எழுதினான். அதன் கீழ் தாத்தா பெயர். கம்பெனி எண்ணும் போடலாமா என்று கேட்டான். 12 என்று போடுவதா 11 என்று போடுவதா என்று கொஞ்ச நேரம் பேசினோம். அம்மாதான், அதற்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டு வை என்றார். விட்டு வைத்திருக்கிறோம்.